கேம் தண்டின் காலப் பொருத்தம்: எவ்வளவு நுட்பம் போதும்?

நான்கு வீச்சு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பழுது பார்த்து மீண்டும் பூட்டுகையில், அதன் கேம் தண்டை எவ்வளவு நுட்பமாகப் பொருத்த வேண்டும் என்ற கேள்விக்கு இன்று இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. பற்சக்கரங்களில் ஆலையார் இட்ட புள்ளிகளை நேர்படுத்திவிட்டால் வேலை முடிந்தது, அதற்கு மேல் அளந்து பார்ப்பது வீண் வேலை என்பது ஒன்று. கால் பாகை பிசகினாலும் எஞ்சின் கெட்டது, விலையுயர்ந்த கருவியின்றி இதில் கை வைக்கலாகாது என்பது மற்றொன்று. முன்னது அனுபவசாலிகளின் வாக்கு. பின்னது ஆர்வலர்களின் வாக்கு. இரண்டுமே பயிற்சி மாணாக்கனைத் தவறான வழியில் செலுத்துவன. தொழிற் பயிற்சி நிலையங்களில் கற்பிப்போரும் கிராமங்களில் பணிபுரிவோரும் இவற்றுக்கு நடுவே உள்ள அளவை எதுவென்று அறிந்து, அதன் காரணத்தோடு அதைச் சொல்லிக் கொடுப்பது அவசியம்.

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரிலும், அதனை அடுத்த பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலும் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. களியக்காவிளை எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலும் கடலோரக் கிளைச் சாலைகளிலும் உள்ள பட்டறைகளுக்கு மூன்று தலைமுறை எஞ்சின்கள் வருகின்றன. பழைய வார்ப்பிரும்பு புல்லட் ஒன்று. மீன்கூடை சுமந்து செல்லும் 100 கன செ.மீ. வண்டிகள் ஒன்று, அண்மைக் காலத்து மேற்கேம் எஞ்சின்கள் ஒன்று. ஒரே மெக்கானிக்கின் கையில், ஒரே வாரத்தில், இம்மூன்றும் அகப்படுகின்றன. முதல் வகையில் பழகிய கை இரண்டாம் மூன்றாம் வகைகளில் அதே பழக்கத்தோடு இறங்கும்போதுதான் நஷ்டம் நேர்கிறது.

புல்லட்டின் வரலாறு இங்கே சுருக்கமாக நினைக்கத் தக்கது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய அரசு இராணுவத்திற்கும் எல்லைக் காவலுக்குமாக 350 கன செ.மீ. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் வண்டிகள் உருவாயின. தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்னர் எல்லா உறுப்புகளும் இங்கேயே வார்த்துக் கடையப்பட்டன. தாய் நிறுவனம் 1970-ஆம் ஆண்டளவில் மறைந்த பின்னரும் அந்த எஞ்சினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் மாறாமல் தொடர்ந்தது. ஆகையால், தென்னாட்டில் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கற்றவர்களுள் பெரும்பாலோர் புல்லட்டிலேயே கற்றனர். அக்காலத்து ஜாவாவும் ராஜ்தூத்தும் இரு வீச்சு வண்டிகள். அவற்றில் கேம் தண்டே கிடையாது.

கேம் செய்யும் வேலை எளியது. கிராங்கு தண்டு இரு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்றி, உள்வாங்கும் வால்வையும் வெளியேற்றும் வால்வையும் ஒவ்வொரு முறை திறந்து மூடுகிறது. வீச்சு தொடங்கும் கணத்தில் வால்வு திறந்து, முடியும் கணத்தில் மூடும் என்று பள்ளிப் படங்களில் காட்டுவது வழக்கம். உண்மை அவ்வாறன்று. வாயுவுக்கும் எடை உண்டு. நின்றதை நகர்த்தவும், நகர்வதை நிறுத்தவும் நேரம் பிடிக்கும். எனவே பிஸ்டன் மேல் இறுதி நிலையை, அதாவது பட்டறையார் டி.டி.சி. என்று வழங்கும் நிலையை, அடைவதற்கு முன்பே உள்வாங்கும் வால்வு திறக்கத் தொடங்குகிறது. பிஸ்டன் கீழ் இறுதி நிலையைக் கடந்து மேலேறத் தொடங்கிய பிறகும், குழாயில் ஓடிவரும் கலவை தன் வேகத்தால் இன்னும் உள்ளே நுழையுமாதலால், வால்வு காலந்தாழ்த்தியே மூடுகிறது. எடுத்துக்காட்டாக, மேல் நிலைக்கு 30 பாகை முன்னே திறந்து, கீழ் நிலைக்கு 60 பாகை பின்னே மூடும் ஒரு கேமைக் கொள்வோம். அது திறந்திருக்கும் மொத்த அளவு 30, 180, 60 ஆகியவற்றைக் கூட்டினால் 270 பாகை.

இந்நான்கு நிகழ்ச்சிகளில், அதாவது இரு வால்வுகளின் திறப்பிலும் மூடலிலும், எஞ்சினின் இயல்பை அதிகமாக ஆள்வது உள்வாங்கும் வால்வு மூடும் நேரமே. கலவை அழுத்தப்படுவது அது மூடிய பின்னர்தான். புல்லட் 350 எஞ்சினின் உருளை விட்டம் 70 மி.மீ., வீச்சு நீளம் 90 மி.மீ. மேற்சொன்ன 60 பாகையில் வால்வு மூடினால், பிஸ்டன் அதற்குள் ஏறத்தாழ 18 மி.மீ. ஏறியிருக்கும், எஞ்சிய 72 மி.மீ. தொலைவே உண்மையான அழுத்த வீச்சு.

பூட்டும்போது ஒரு பல் பிசகினால் என்ன ஆகும்? கேமின் பற்சக்கரத்தில் 40 பற்கள் எனில், ஒரு பல் கேமுக்கு 9 பாகை. கிராங்குக்கு அதன் இருமடங்கு, அதாவது 18 பாகை. வால்வு 60-க்குப் பதிலாக 78 பாகையில் மூடும். பிஸ்டன் அதற்குள் ஏறக்குறைய 30 மி.மீ. ஏறிவிடும், அழுத்தத்திற்கு 60 மி.மீ. மட்டுமே மிஞ்சும். அதாவது அழுத்த வீச்சில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. உதைக்கும்போது எதிர்ப்புக் குறைந்து, எஞ்சின் எளிதில் கிளம்பாமல், ஏற்றத்தில் இழுவையிழந்து, ஆனால் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த “எப்படியோ” என்பதில்தான் தீங்கு உள்ளது. பழைய புல்லட்டின் அழுத்த விகிதம் தொடக்கத்தில் 6.5-க்கு 1 என்ற அளவே. அறையில் இடம் தாராளம். ஒரு பல் பிசகினாலும் பெரும்பாலும் வால்வு பிஸ்டனில் மோதுவதில்லை, சத்தமும் எழுவதில்லை. எஞ்சின் மன்னித்துவிடுகிறது. குற்றம் வேறெதன் மேலோ சுமத்தப்படுகிறது. கார்புரேட்டர் கழற்றப்படுகிறது, ஜெட் மாற்றப்படுகிறது, பிளக் புதிதாக வாங்கப்படுகிறது, கடைசியில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்று முடிவு கட்டி, உருளையைக் குடைந்து பெரிதாக்கும் வேலைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அழுத்தமானியில் அளவு குறைந்து காட்டுவது வளையத் தேய்வாலும் ஆகலாம், வால்வு காலந்தாழ்ந்து மூடுவதாலும் ஆகலாம். பிளக் துளைவழியே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்து, அளவு உயர்ந்தால் வளையம் என்றும், உயராவிடில் வால்வு அல்லது காலப் பொருத்தம் என்றும் பிரித்தறிவது நெடுங்காலமாக உள்ள சோதனை. ஐந்து நிமிடமும் ஒரு கரண்டி எண்ணெயும் செலவாகும் இச்சோதனையைச் செய்யாமல், தினக்கூலிக்காரர் ஒருவரின் பல நாள் வருமானத்தை உருளைக்குச் செலவிடச் செய்வது நேர்மையான தொழிலாகாது.

அனுபவமுள்ள மெக்கானிக்கின் காதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. டேப்பட் ஓசையையும், தாங்கி உருளையின் முனகலையும், சங்கிலியின் சலசலப்பையும் பிரித்தறியும் காதுக்கு ஈடான கருவி எளிதில் கிடைப்பதன்று. ஆயினும் தீப்பொறி தாமதமாவதையும் வால்வு தாமதமாவதையும் காது பிரித்தறிவதில்லை. இரண்டும் ஒரே சோர்வாகவே கேட்கும்.

இனி, ஆலையார் இட்ட புள்ளிகள். அவை எதைச் சொல்லுகின்றன என்பதை ஆராய வேண்டும். இன்ன பல் இன்ன பல்லோடு சேர வேண்டும் என்று மட்டுமே அவை சொல்லும். பற்சக்கரம் தன் தண்டின்மேல் சரியான கோணத்தில் அமர்ந்திருக்கிறதா, கேமின் முகடு தன் பற்சக்கரத்தோடு சரியான கோணத்தில் இணைந்திருக்கிறதா என்பவற்றைப் புள்ளி சொல்லாது. புல்லட்டில் கிராங்கு தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் கீவே எனப்படும் சாவிப் பள்ளத்தால் நிலைநிறுத்தப்படுகிறது. அதனை இறுக்கும் மறை இடத்திருகு உடையது. எண்ணெய்ப் பம்பை இயக்கும் புழுச்சக்கரமும் அதுவே. வழக்கமான திசையில் திருகி அதனைக் கழற்ற முயன்று, மறையையோ சாவியையோ சிதைத்தவர் பலர். சாவி நசுங்கிய தண்டில் புள்ளிகள் எவ்வளவு அழகாக நேர்ப்பட்டாலும் காலம் பிசகியே நிற்கும். மேலும், சந்தையில் விற்கும் உதிரி உறுப்புகள் பல கைகளில் உருவாகின்றன. ஆலையின் புள்ளியை நம்பலாம். எவரோ செய்து எவரோ புள்ளியிட்ட உறுப்பை அளந்து பார்த்த பின்னரே நம்பலாம். எஞ்சினைப் பிரிக்காமல் கழற்றி மாட்டும்போது புள்ளிகள் போதும். கிராங்கு, பற்சக்கரம், கேம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மாற்றினால் அளத்தல் கட்டாயம். மாணாக்கருக்குக் கற்பிக்க வேண்டிய எல்லைக்கோடு இதுவே.

அளத்தல் என்றவுடன் விலையுயர்ந்த கருவிகளை நினைப்பது தவறு. தேவையானவை 360 பாகையும் குறித்த ஒரு வட்டு, விறைப்பான ஒரு கம்பித் துண்டு, பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று ஆகியவையே. முதல் வேலை, மேல் இறுதி நிலையைக் கண்டுபிடித்தல். மற்ற எல்லா அளவுகளும் இதிலிருந்தே எண்ணப்படுவதால், இங்கே விழும் பிழை எல்லாவற்றிலும் பரவும்.

பெரும்பாலான பட்டறைகளில் இது எவ்வாறு செய்யப்படுகிறது? பிளக் துளையில் திருப்புளியையோ சைக்கிள் கம்பியையோ செருகி, பிஸ்டன் ஏறி நின்று இறங்கத் தொடங்கும் இடத்தைக் கையால் உணர்ந்து கொள்கிறார்கள். இதன் குறையைக் கணக்கே காட்டும். 90 மி.மீ. வீச்சுள்ள எஞ்சினில், மேல் நிலையிலிருந்து கிராங்கு 2 பாகை திரும்பினால் பிஸ்டன் இறங்குவது சுமார் 0.03 மி.மீ.; 5 பாகை திரும்பினாலும் ஐந்தில் ஒரு மி.மீ. அளவே. கையிலுள்ள கம்பியின் நடுக்கம் இதைவிட அதிகம். அப்படியாயின் முன்னே 5 பாகை, பின்னே 5 பாகை, ஆக 10 பாகை அகலமுள்ள ஒரு மேடையில் எங்கோ ஓரிடத்தை உச்சி என்று கொள்கிறோம். டயல் கேஜ் வைத்துப் பார்த்தாலும் இதே இடர்ப்பாடு சிறிய உருவில் உண்டு. ஊசி நகராமல் நிற்கும் இடத்தில் நடு எது என்று ஊசி சொல்லாது.

மாறாக, பாதி வழியில் அதே பிஸ்டன் ஒரு பாகைக்கு ஏறக்குறைய முக்கால் மி.மீ. நகர்கிறது. எனவே மெதுவாக நகரும் இடத்தில் அளப்பதை விட்டு, வேகமாக நகரும் இடத்தில் இருபுறமும் அளந்து நடுவைக் கணக்கிடுவதே அறிவுடைமை. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து நீக்கி, அதன் கூட்டில் ஒரு போல்ட்டைப் பொருத்தி, முனையை உருட்டையாக அராவி, பித்தளைத் தொப்பி இட்டால் தடுப்பான் தயார். பிளக் துளையில் இதைத் திருகினால் பிஸ்டன் உச்சிக்குச் செல்லாமல் சற்றுத் தாழ்வாகவே முட்டி நிற்கும். கிராங்கின் முனையில் பாகை வட்டை இறுக்கி, எஞ்சின் உறையில் கம்பியை முள்ளாகக் கட்டி, கிராங்கை முன்பக்கமாகக் கையால் மெல்லத் திருப்புக. முட்டியவுடன் முள் 42 பாகை காட்டுகிறது எனக் கொள்வோம். பின்பக்கமாகத் திருப்பி மறுபுறம் முட்டச் செய்க. அங்கே 48 காட்டினால், வட்டு 3 பாகை இடம் மாறி நிற்கிறது என்பது பொருள். இருபுறமும் 45 காட்டுமாறு முள்ளை வளைத்துவிட்டால், சுழி நிற்கும் இடமே உண்மையான மேல் இறுதி நிலை. தடுப்பான் எவ்வளவு நீளம் என்பதோ, வட்டு முதலில் எங்கே இறுக்கப்பட்டது என்பதோ பொருட்டன்று. பிழைகள் இருபுறமும் சமமாக விழுந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் விளங்கும் கணிதம் இது. வட்டத்தின் நாணுக்கு நடுச்செங்குத்து வரையும் பாடத்தை உயிரோடு காட்ட இதைவிடச் சிறந்த உபகரணம் பள்ளி ஆசிரியருக்குக் கிடைப்பது அரிது.

இரண்டு எச்சரிக்கைகள். உதைத்துச் சுழற்றலாகாது, தடுப்பான் பிஸ்டனைத் துளைத்துவிடும். மேற்கேம் எஞ்சின்களில் வால்வு இறங்கிவந்து தடுப்பானில் மோதக்கூடுமாதலால், டேப்பட் திருகுகளைத் தளர்த்திவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

உச்சி கிடைத்த பின், கேமை அளக்கலாம். வால்வு திறக்கத் தொடங்கும் கணத்தைப் பிடிக்க முயல்வது வீண். கேமின் முகப்பில், டேப்பட்டை அதிர்ச்சியின்றித் தூக்குவதற்காக மிக மெல்லிய சரிவு ஒன்று அமைந்துள்ளது. அந்தச் சரிவில் பாகைகள் பல கடந்தும் வால்வு நூலளவே எழும். டேப்பட் இடைவெளி சிறிது கூடினால் திறப்பு தாமதமாகும், மூடல் முந்தும். இங்கும் இருபுறம் அளந்து நடுவைக் காணும் அதே முறை கைகொடுக்கிறது. வால்வு 1 மி.மீ. எழும்போது வட்டின் அளவைக் குறித்து, மறுபுறம் இறங்கி 1 மி.மீ. நிற்கும்போதும் குறித்து, நடுவைக் கணக்கிட்டால் அதுவே முகட்டின் மையம். மேலே கொண்ட எடுத்துக்காட்டில் 270-இல் பாதி 135. அதில் 30 கழிய, மேல் நிலைக்குப் பின் 105 பாகையில் மையம் அமைய வேண்டும். இருபுறச் சரிவும் ஒத்த வடிவுடைய கேமில், இடைவெளி சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இம்மையம் நகர்வதில்லை. ஆகவே டேப்பட்டில் பிழை இருந்தாலும் கேமின் இருப்பிடம் தெளிவாகத் தெரிந்துவிடும். அளக்கும்போது கிராங்கை எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும்; குறியைத் தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னே சென்று மீண்டும் வர வேண்டும். இல்லையேல் பற்களுக்கு இடையிலுள்ள தளர்வு பாகைக் கணக்கில் நுழைந்துவிடும்.

மையம் சில பாகை தள்ளி நின்றால் என்ன செய்வது? ஒரு பல் மாற்றினால் 18 பாகை குதிக்கும், அது மருந்தன்று. பழைய டிரயம்ஃப் இரட்டை உருளை எஞ்சின்களில் கேம் சக்கரத்தில் மூன்று சாவிப் பள்ளங்கள் வெட்டியிருந்ததன் நோக்கம் இதுவே. 50 பற்கள் உள்ள சக்கரத்தில் மூன்று பள்ளங்களைச் சம தூரத்தில் வெட்டினால், 50 மூன்றால் வகுபடாத எண்ணாதலால், ஒவ்வொரு பள்ளமும் பல்லுக்கு மூன்றில் ஒரு பங்கு விலகி நிற்கும். பல் ஒன்றுக்குக் கிராங்கில் 14.4 பாகை, பள்ளத்தை மாற்றி, பற்களையும் அதற்கேற்பக் கோத்தால் 4.8 பாகைப் படிகளில் சரிசெய்யலாம். வகுபடாத எண்ணின் மிச்சத்தைப் பயன்படுத்தி நுட்பம் பெறும் இவ்வுத்தி, வெர்னியர் அளவுகோலின் உடன்பிறப்பு. புல்லட் உரிமையாளருக்கு அவ்வசதி இல்லை. பிழையான உறுப்பைத் திருப்பிக் கொடுத்து நல்லதை வாங்குவதே வழி. அளந்த கணக்குக் காகிதத்தில் இருந்தால் கடைக்காரரிடம் வாதிடுவதும் எளிது.

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வரலாம். மேல் இறுதி நிலையை அரைப் பாகைக்குள் காணலாம். மேற்சொன்ன முறையில் அது எளிது, எனவே அதைக் கேட்பதில் தவறில்லை. கேம் மையம் குறித்த இடத்திலிருந்து 2 பாகைக்குள் நின்றால் சாலை வண்டிக்கு முற்றிலும் போதும். 4 அல்லது 5 பாகை விலகினால் காரணம் தேட வேண்டும். ஒரு பல் விலகல் எந்நிலையிலும் மன்னிக்கத் தக்கதன்று. 2 பாகைக்குக் கீழே செல்ல முயல்வது பந்தய வண்டிக்காரரின் வேலை. மற்றவருக்கு அது ஆடம்பரம். ஓடும் எஞ்சினில் புஷ்ராடு வளைந்து நிமிர்கிறது, தண்டு முறுகுகிறது, உலோகம் சூட்டில் நீள்கிறது, பற்சக்கரம் தன் தளர்வுக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது. நின்ற எஞ்சினில் கால் பாகை வரை இழைத்த நுட்பத்தை இவை முதல் நிமிடத்திலேயே விழுங்கிவிடும்.

காலப் பொருத்தத்தின் குறித்த எண்ணும் தெய்வ வாக்கன்று. 1980-ஆம் ஆண்டில் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம், ஓடும்போதே உள்வாங்கும் கேமின் காலத்தை மாற்றும் அமைப்பைத் தன் விற்பனைக் காரில் வைத்தது. இன்றைய கார்கள் பலவற்றில் கேம் தேவைக்கேற்பப் பல பாகைகள் முன்னும் பின்னும் நகர்கிறது. மெதுவான ஓட்டத்துக்கு ஒரு காலம் பொருந்தும், வேக ஓட்டத்துக்கு வேறொரு காலம் பொருந்தும். மோட்டார் சைக்கிளின் நிலையான கேம் இவ்விரண்டுக்கும் இடையே செய்துகொண்ட சமரசமே. நுட்பம் என்பது எண்ணை வழிபடுவதன்று, கேம் எங்கே நிற்கிறது என்பதை அறிந்திருப்பது.

சங்கிலியால் இயங்கும் மேற்கேம் எஞ்சின்களுக்குத் தனியே ஒரு சொல் வேண்டும். 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது முதல் இவ்வகையே கிராமங்களில் பெருகியது. 2020-இல் வெளிவந்த 349 கன செ.மீ. ராயல் என்ஃபீல்டு எஞ்சினும் இவ்வகையே. இங்கே பறக்கும் சக்கரத்தில் ‘டி’ என்ற குறியும், கேம் சக்கரத்தில் புள்ளியோ கோடோ உண்டு. ஆனால் இரண்டுக்கும் இடையே தொய்யக்கூடிய சங்கிலி இருக்கிறது. கால் அங்குலக் கண்ணியும் 34 பற்களும் உள்ள கேம் சக்கரத்தில், இழுக்கும் பக்கத்துச் சங்கிலி 1 மி.மீ. நீண்டாலே கிராங்கில் 3 பாகைக்கு மேல் தாமதமாகும். பூட்டும்போது இழுக்கும் பக்கத்தை விறைப்பாக வைத்து, தொய்வை இழுவிசை தரும் உறுப்பின் பக்கம் தள்ளிய பின் கிராங்கை இருமுறை முழுமையாகச் சுற்றி, குறிகளை மீண்டும் பார்ப்பது விதி. இரண்டாம் முறை பார்க்காதவரே பெரும்பாலும் ஒரு பல் பிசகவிடுகிறார். அழுத்த விகிதம் 9-ஐத் தாண்டிய இவ்வெஞ்சின்களில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி சிறிது. பழைய புல்லட்டின் மன்னிக்கும் குணத்தை இவற்றிடம் எதிர்பார்க்கலாகாது. வால்வு வளைந்தால் உருளைத் தலை முழுவதையும் பிரிக்க வேண்டும்.

பூவார்க் கரையில் இதன் விளைவு தரையோடு நிற்பதில்லை. 1980-களில் கேரளக் கடற்கரையில் பரவிய வெளிப்பொருத்து எஞ்சின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் இரு வீச்சு எஞ்சின்கள். அவற்றைப் பழுது பார்ப்போர் கேமை அறிய வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் அரிதாகி விலை ஏறியபின் நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சின்கள் படகுகளில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அவற்றுள் பலவற்றில் பற்கள் உள்ள ரப்பர் வார் கேமை இயக்குகிறது. குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய வார் அது. சாலையில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு வரலாம். கரையிலிருந்து வெகு தூரத்தில், அலை எழும் பருவத்தில், எஞ்சின் நின்ற படகுக்கு அவ்வசதி கிடையாது. இரு வீச்சு எஞ்சினில் தேர்ந்த கைகள் நான்கு வீச்சுக்கு மாறும் இவ்வேளையில், பாகை வட்டின் பயிற்சியை மீன்பிடி கிராமங்களுக்குக் கொண்டு செல்வது களப் பணியாளரின் உடனடிக் கடமைகளுள் ஒன்று. தனுவச்சபுரத்திலும் நாகர்கோவில் கோணத்திலும் உள்ள அரசுத் தொழிற் பயிற்சி நிலையங்கள் இப்பகுதிக்கு எட்டும் தொலைவில் உள்ளன. இரண்டு நாள் வகுப்பு ஒன்றை எல்லையின் எப்பக்கத்திலும் நடத்தலாம்.

மொழி இதற்குத் தடையாகாது. ஆயினும் கவனிக்க வேண்டியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு வந்த பின்னரும் இருபுறத்து மக்களும் இரு மொழிகளிலும் புழங்கி வருகின்றனர். பட்டறையில் டைமிங், டேப்பட், வால்வு, செயின் என்பவை இரு மொழிகளுக்கும் பொது. இச்சொற்களை மாற்றித் தூய சொற்களைத் திணிப்பதால் பயனில்லை; மெக்கானிக்குக்கு விளங்காத கலைச்சொல் கையேட்டின் பக்கத்தை நிரப்புமேயன்றி எஞ்சினைச் சரிசெய்யாது. மொழிபெயர்க்க வேண்டியவை சொற்களல்ல, காரணங்கள். ஆலைக் கையேடுகளில் படமும் குறியும் இருப்பதால் ஆங்கிலம் அறியாதவரும் படத்தைப் பார்த்து வேலை செய்துவிடுகிறார். ஏன் அவ்வாறு செய்ய வேண்டும், எப்போது குறியை நம்பலாகாது என்று கூறும் வாசகம் அவரை எட்டுவதேயில்லை. அப்பகுதி மட்டுமே தமிழிலும் மலையாளத்திலும் நான்கு பக்கச் சிற்றேடாக வந்தால் போதும்.

சிற்றேட்டோடு ஓர் அட்டை வட்டையும் சேர்த்து வழங்கலாம். வட்டில் உள்ளவை எண்களே ஆதலால் இரு மொழியாரும் ஒன்றையே பயன்படுத்தலாம். விட்டம் 20 செ.மீ.க்குக் குறையாதிருந்தால் ஒரு பாகைக் கோடுகளுக்கு இடையே ஒன்றே முக்கால் மி.மீ. இடைவெளி கிடைக்கும், அரைப் பாகையைக் கண்ணால் மதிப்பிடலாம். அச்சிடும்போது ஒரு பக்கத்தில் எண்கள் வலஞ்சுழியாகவும் மறுபக்கத்தில் இடஞ்சுழியாகவும் ஏறிச் செல்ல வேண்டும். புல்லட்டின் பற்சக்கரங்கள் வலப்புறம் இருப்பதால் அங்கிருந்து பார்க்கக் கிராங்கு வலஞ்சுழியாகச் சுற்றும். சிறு வண்டிகளின் பறக்கும் சக்கரம் இடப்புறம் இருப்பதால் அங்கே இடஞ்சுழியாகச் சுற்றும். அட்டைக்கு மெழுகோ வார்னிஷோ பூசிவிட்டால் கடலோரத்து ஈரக் காற்றில் உப்பாது.